ஜூனில் உதைக்கும் கணக்கு: ஒரு தக்கலைத் தம்பதியின் ஓய்வுக்காலப் பணம் (நிகழ்வு ஆய்வு)

இதில் வரும் தம்பதி ஒரே வீட்டுக்காரர்கள் அல்லர். தக்கலை, குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்தில் தனியார் வேலையிலிருந்து ஓய்வு பெறும் குடும்பங்களில் திரும்பத் திரும்பக் காணும் நிலைமையை ஒரு மாதிரிக் குடும்பமாகச் சேர்த்து, தொகைகளை முழு எண்ணாக்கித் தந்திருக்கிறோம். விதிகளும் வட்டி விகிதங்களும் அந்தந்தத் தேதியில் நடப்பில் இருந்தவை.

கணவர் முந்திரி ஆலையில் கணக்கர். 1995 டிசம்பரில் சேர்ந்து, 2024 ஜூன் கடைசியில் 58 வயதில் ஓய்வு. மனைவிக்கு அப்போது 56. பத்மநாபபுரம் நகராட்சி எல்லைக்குள் 12 சென்டில் சொந்த வீடு. மாடி, வளைகுடாவில் இருக்கும் மகனுக்காகக் கட்டியது. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தது. குலசேகரத்துக்கு அந்தப் பக்கம் மனைவி வழியில் வந்த 60 சென்ட் ரப்பர், பால் வெட்டுகிற மரம் 110. வீட்டைச் சுற்றி 14 தென்னை. மகள் நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்தாயிற்று. நகை மேல் 1.5 லட்சம் கடன்.

ஊரில் கேட்டால் வசதியான குடும்பம் என்பார்கள். சென்ட் கணக்கில் அது உண்மை. ரூபாய்க் கணக்கில் இல்லை. குமரி மாவட்டத்து ஓய்வுக்காலச் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் தொடங்குகின்றன. மண்ணிலும் கான்கிரீட்டிலும் பொன்னிலும் சொத்து கிடக்கும். மருந்துக் கடைக்குக் கொடுக்க மாதக் கடைசியில் காசு இருக்காது.

வந்த பணம்

முதலில் பணிக்கொடை. சட்டப்படியான கணக்கு, கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் × 15 ÷ 26 × பணியாண்டு. இவருக்கு அந்தச் சம்பளம் 18,000. பணிக்காலம் 28 ஆண்டு 7 மாதம். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் முழு ஆண்டாகக் கூட்ட வேண்டும் என்பதால் 29. தொகை 3,01,154. ஆலை முதலில் போட்டுக் காட்டிய கணக்கில் 30-ஆல் வகுத்து, ஆண்டையும் 28 ஆக்கியிருந்தார்கள்: 2,52,000. வித்தியாசம் 49,154 ரூபாய். கணக்கரே ஆனதால் பார்த்தவுடன் பிடித்தார். அதே ஆலையில் ஓய்வு பெறும் தொழிலாளி எத்தனை பேர் 26-க்கும் 30-க்கும் உள்ள வேற்றுமையைக் கேட்பார்கள்?

பி.எஃப். 11.5 லட்சம். இதில் இழுத்தது பெயர். ஆதாரில் தலைப்பெழுத்து பின்னால், பி.எஃப். பதிவில் முன்னால், வங்கியில் அப்பா பெயர் முழுதாக. மூன்றும் ஒன்றாகும் வரை விண்ணப்பம் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டது. ஓய்வுக்கு ஓராண்டு முன்பே உட்கார்ந்து திருத்த வேண்டிய விஷயம் இது; அப்போது ஆலை எழுத்தரும் பக்கத்திலேயே இருப்பார். பழைய சேமிப்பு 1.5 லட்சத்தையும் கூட்டினால் கையில் 16 லட்சம்.

ஓய்வூதியம்தான் ஏமாற்றம். பி.எஃப்.-ஓடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டமான இ.பி.எஸ்.ஸில் ஓய்வூதியச் சம்பளத்தைப் பணியாண்டால் பெருக்கி 70-ஆல் வகுக்கிறார்கள். ஆனால் 2014 ஆகஸ்ட் வரையான பணிக்கு உச்சவரம்பு 6,500, அதற்குப் பிறகுள்ள பணிக்கு 15,000. வாங்கிய சம்பளம் 18,000 என்பதற்கு இங்கே வேலையே இல்லை. 20 ஆண்டு தாண்டியவருக்குக் கூட்டும் இரண்டு ஆண்டையும் சேர்த்து மாதம் 4,200 சொச்சம். விலைவாசி ஏறினாலும் இது ஏறாது. பஞ்சப்படி கிடையாது.

முதல் ஆறு மாதம்: எங்கே கசிந்தது

மனைவியின் அண்ணன் கடைச் சரக்குக்காக 2 லட்சம் கேட்டார். “நாலு மாசத்துல தந்திருவேன் மாப்ள” என்ற வாக்கு இன்றுவரை வாக்காகவே இருக்கிறது. இந்த ஆய்வில் அந்தத் தொகைக்கு மதிப்பு பூஜ்யம். வந்தால் வரட்டும், கணக்கில் எழுதுவதில்லை. சுற்றுச்சுவரும் வெள்ளையடிப்பும் 1.2 லட்சம். 12 லட்சத்தை ஒரே ரசீதாக, ஒரே வங்கியில், 7 சதவீத வட்டிக்கு ஐந்தாண்டு வைப்பில் போட்டார். சேமிப்புக் கணக்கில் மிச்சம் 80,000.

நவம்பரில் நெஞ்சுவலி. திருவனந்தபுரத்தில் ஸ்டென்ட் வைத்துத் திரும்பும்போது செலவு 1.8 லட்சம். மூன்று மாதமே ஆன வைப்பை முழுவதும் உடைத்தார்கள். உடைத்தால் 7 சதவீதம் கிடைக்காது. மூன்று மாத வைப்புக்குரிய வட்டியில் அபராதம் ஒரு சதவீதம் கழித்து 4.5 ஆனது. 21,000 வரவேண்டிய இடத்தில் 13,500. ஒரு லட்சம் வீதம் 12 ரசீதாகப் போட்டிருந்தால் ஒன்றிரண்டு மட்டும் போயிருக்கும். அல்லது வைப்பின் மேலேயே கடன் எடுத்திருக்கலாம். வைப்பு வட்டிக்கு ஒன்றிரண்டு சதவீதம் மேலே வைத்து வங்கியே தரும். கவுண்டரில் யாரும் வலியச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான். 12 லட்சத்தையும் ஒரே இடத்தில் வைத்ததில் 7 லட்சம் காப்பீட்டுக்கு வெளியே நின்றது.

இதைவிடக் கசப்பானது 120 ரூபாய் விஷயம். இவர் ஓய்வு பெறும் நாள் வரை இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டில் இருந்தவர். குறைந்தது ஐந்தாண்டு அந்தக் காப்பீட்டுக்கு உட்பட்ட பணியில் இருந்து வயது முதிர்வால் ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி தொடரும். ஆலை சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அந்த 1.8 லட்சம் முழுவதும் மிஞ்சியிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. அவசரத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்தது அது. ஆனால் தொடர் சிகிச்சையும் மருந்தும் நிச்சயம் கைக்காசில் போயிருக்க வேண்டாம். 2025 ஜனவரியில்தான் கட்டினார்கள்.

மூன்றாவது நழுவல், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். பொதுவாக 60 வயது. ஆனால் 55 முதல் 60-க்குள் ஓய்வு பெற்றவர், ஓய்வுப்பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால் சேரலாம். 2023 நவம்பருக்கு முன்பு இந்தக் கெடு ஒரு மாதம்தான். இவர் ஓய்வு பெற்ற 2024-ல் வட்டி 8.2 சதவீதம், சேர்ந்தால் ஐந்தாண்டுக்கு மாறாது. இவர் வைப்பை உடைத்து, ஆஸ்பத்திரி முடிந்து, தபால் நிலையத்துக்குப் போனபோது ஜனவரி. கெடு போயிற்று. “58 வயசுல சேர முடியாது” என்று யாரோ சொன்னதை நம்பி ஆகஸ்டில் விசாரிக்காமல் விட்டதன் விலை அது.

திருத்திய ஏற்பாடு

16 லட்சத்தில் அப்போது 11 லட்சம் மிச்சம். முதலில் நகைக்கடன் 1.5 லட்சம் அடைக்கப்பட்டது. கடனுக்கு 11 சதவீதம் கொடுத்துக்கொண்டு வைப்பில் 7 வாங்குவது கணக்கருக்கே அடுக்காது; ஆனால் “வைப்பு இருக்கிறது” என்ற நிம்மதிக்காக அதைத்தான் பலரும் செய்கிறார்கள். நகையும் வீட்டுக்கு வந்தது. அடுத்த அவசரத்துக்கு அதுவே ஈடு.

8 லட்சம் தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில், இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்காக. 7.4 சதவீதம், மாதம் 4,933 ரூபாய். கூட்டாக 15 லட்சம் வரை போடலாம், வயது வரம்பு இல்லை. எடுக்காமல் விட்ட வட்டிக்கு வட்டி கிடையாது. எனவே சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி எழுதிக்கொடுக்க வேண்டும். மிச்சம் 1.5 லட்சம் அவசர இருப்பு, மூன்று 50,000 ரசீதாக.

கணவருக்கு 60 ஆகும் 2026 ஜூனில் இதை உடைத்து மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு மாற்றலாமா? கணக்குப் போட்டால் அவசரமில்லை. மாத வருமானத் திட்டத்தை ஓராண்டுக்குப் பிறகு, மூன்றாண்டுக்குள் மூடினால் முதலில் 2 சதவீதம் கழிப்பார்கள்: 16,000. 8.2 கிடைத்தாலும் ஆண்டுக்குக் கூடுதல் 6,400. 2030 ஜனவரி வரை மூன்று ஆண்டு ஏழு மாதத்தில் சுமார் 22,900. ஏழாயிரத்துக்கும் குறைவான லாபத்துக்கு அலைய வேண்டாம். புதிதாகச் சேரும் பணத்தை மட்டும் அங்கே போடலாம். ஒன்றை மறக்கக் கூடாது: நாம் சேரும் காலாண்டில் என்ன விகிதமோ அதுதான் நமக்கு. இதே மூத்த குடிமக்கள் திட்டம் 2020 மார்ச் வரை 8.6 தந்தது, மறுநாளே 7.4 ஆகி 2022 செப்டம்பர் வரை அப்படியே நின்றது. 2025-ல் ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியை 6.5-லிருந்து 5.25-க்கு இறக்கியபோது வங்கி வைப்புகளும் இறங்கின. முதிர்வுத் தேதி எல்லாம் ஒரே ஆண்டில் விழுந்தால் அந்த ஆண்டின் விகிதத்துக்கு முழுக் குடும்பமும் தலையைக் கொடுக்க வேண்டிவரும்.

மாடி வாடகைதான் இந்த ஆய்வின் பெரிய திருப்பம். “மகன் வந்தால் எங்கே படுப்பான்” என்ற கேள்வி ஆறு மாதம் ஓடியது. மகன் ஆண்டில் 30 நாள் வருகிறான். கீழே ஓர் அறை போதும். 5,500 வாடகை, 11 மாத எழுத்து ஒப்பந்தம், மாடிக்குத் தனி மின் மீட்டர். தனி மீட்டர் வீண் செலவில்லை: இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படிக் கட்டணமும் சேர்ந்து கூடும். முன்பணம் வருமானமில்லை, கடன். அது தனி வைப்பில் கிடக்கிறது.

ஆக நிலையான வரவு: ஓய்வூதியம் 4,200, தபால் வட்டி 4,933, வாடகை 5,500. மொத்தம் 14,633. செலவு: அரிசி, பால், மீன், காய்கறி 7,500, கேஸ், கரண்டு, போன் 1,900, மருந்து 2,000, போக்குவரத்து 1,000 (மனைவிக்கு டவுன் பஸ் இலவசம்), நல்லது கெட்டதுக்கு 1,500, வீட்டு வரி, பழுது 1,000, மனைவியின் மருத்துவக் காப்பீட்டுக்கு ஒதுக்கு 1,500. மொத்தம் 16,400. துண்டு 1,767. அதை அடைக்க வேண்டியது ரப்பரும் தேங்காயும்.

ரப்பர் என்ற பாதி ஓய்வூதியம்

60 சென்டில் ஆண்டுக்கு 350 கிலோ ஷீட் (பாலை உறையவைத்து உலர்த்திய தகடு) எதிர்பார்க்கலாம். வெட்டுக்காரருக்குப் பாதி போக 175 கிலோ. இங்கேதான் ஆசை கணக்கைக் கெடுக்கும். ரப்பர் கிலோ 2011-ல் 240-ஐத் தொட்டது, 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே போனது, 2024 ஆகஸ்டில் மறுபடி 240 பக்கம் வந்தது. கடைசி விலையை வைத்துப் பட்ஜெட் போட்டவர் அடுத்த இறக்கத்தில் நகையைத் தூக்குவார். இந்தக் குடும்பம் 150 என்றே எழுதுகிறது: 26,250. ஒட்டுப்பால் (பட்டையிலும் சிரட்டையிலும் உறைந்த மிச்சம்) விற்ற காசு ஆசிட், புகைச் செலவுக்குச் சரி. மாதம் 2,200 என்று வைத்தாயிற்று. தேங்காயில், ஏற்றுக்கூலி போக 1,000.

ஆண்டுக் கணக்கில் துண்டு அடைபட்டு மாதம் 1,400 மிஞ்சுகிறது. ஆனால் ஜூனில் என்ன ஆகிறது? இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் வெட்டு நிற்கும். மழையில் தென்னையில் ஏற ஆள் வராது. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடை. குளச்சல், முட்டம் மீன் குறைந்து சாளைக்கும் விலை ஏறும். பள்ளி திறக்கும், பேரப்பிள்ளைகளுக்குப் பையும் குடையும். வரவு நிற்கும் மாதமும் செலவு கூடும் மாதமும் ஒன்றாகவே வருகின்றன. இலை உதிரும் பிப்ரவரி, மார்ச்சிலும் வெட்டு ஓய்வுதான்.

மருந்து எளிது. ரப்பர், தேங்காய்ப் பணம் முழுவதும் தனிச் சேமிப்புக் கணக்குக்குப் போகும். அதிலிருந்து மாதம் 3,200 மட்டும், மழையானாலும் வெயிலானாலும், வீட்டுக் கணக்குக்கு வரும். அக்டோபர் முதல் ஜனவரி வரை பால் நன்றாக வரும்போது கூடுதலாக எடுப்பதில்லை. காப்பீட்டுத் தவணை பிப்ரவரியில் விழுகிறது, அந்தப் பருவப் பணம் கையில் இருக்கும்போதே.

மரத்தைப் பார்ப்பதும் பணத்தைப் பார்ப்பதுதான். மே மாதமே மழைத்தடுப்பு பிளாஸ்டிக் கட்டிவிட்டால் ஜூனிலும் இடையிடையே சில வெட்டு கிடைக்கும். ஆனால் பட்டையை நன்றாகச் சுரண்டிச் சமமாக்காமல் பசை பூசினால் ஓரத்தில் நீர் கசியும். வெட்டுப் பட்டையில் பழுப்புக் கோடு விழுந்திருந்தால் அந்த மரத்தில் பால் சிரட்டையில் நிற்காது, கழுவிப் போகும், பட்டையும் அழுகும். விலை ஏறிய மாதத்தில் பாதிப் பங்குக்காரர் ஒன்றுவிட்ட நாள் வெட்டை விட்டுத் தினமும் வெட்ட ஆசைப்படுவார். இரண்டு மூன்று மாதத்தில் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும், அந்த மரம் போச்சு. வாரம் ஒருமுறை உரிமையாளர் தோட்டத்தில் நடப்பது இதற்காகத்தான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் இந்த மாவட்டத்து ரப்பரும் வாழையும் ஒரே நாளில் சாய்ந்ததைக் கண்டவர்கள், மரத்தை ஓய்வூதியமாக எண்ண மாட்டார்கள். அதனால்தான் நிலையான வரவு, செலவின் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை மூட வேண்டும் என்ற அளவை இங்கே பின்பற்றினோம்.

12 சதவீதம் தருகிறோம் என்றவர்கள்

கேரள எல்லைப் பகுதியில் நிதி நிறுவனமும் சிட்டி எனும் சீட்டும் வீட்டு வாசலுக்கே வரும். 2017-ல் எல்லையோரம் மூடிய ஒரு நிறுவனத்தில் இரு மாநிலத்தாரும் ஓய்வுப்பணத்தை இழந்தார்கள். 12 சதவீதம் என்பதாலேயே மோசடி என்று சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது, வைப்புக் காப்பீடு உண்டா என்பது. வங்கிக்கும் கூட்டுறவு வங்கிக்கும் உண்டு. நிதி நிறுவனத்துக்கும் சீட்டுக்கும் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும் கிடையாது. சீட்டு என்றால் 1982 சட்டப்படி பதிவான குழுவா என்று கேட்டு, பதிவு எண்ணை வாங்க வேண்டும். இந்தத் தம்பதி வைத்த விதி இன்னும் கடுமை: போனால் தூக்கம் கெடாத தொகை மட்டும். அப்படி ஒரு தொகை அவர்களிடம் இல்லை, ஆகவே போடவில்லை.

மனசு

ஸ்டென்டுக்குப் பிறகு நான்கு மாதம் கணவர் வாசலுக்கு வரவில்லை. போனில் வங்கி இருப்பை ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை பார்ப்பார், செய்திச் சேனலை நிறுத்த மாட்டார். 2025 நடுவில் மகனின் கம்பெனியில் ஆள்குறைப்பு. “அப்பா, ரெண்டு மாசம் ஒண்ணும் அனுப்ப முடியாது, பாத்துக்கிடுங்க” என்று போன். மகன் பணம் மாத வரவில் எழுதப்படாததால் அடுப்பு நிற்கவில்லை. ஆனாலும் மனிதர் சோர்ந்தார். “தைரியமா இருங்க” என்ற அறிவுரை இந்த நிலையில் ஒன்றுக்கும் உதவாது.

உதவியது மூன்று. ஒன்று, கணக்குப் பார்க்கும் நாள் மாதம் 5-ஆம் தேதி மட்டும். இருவரும் சேர்ந்து, ஒரு நோட்டில், அரை மணி நேரம். மற்ற நாளில் வங்கி ஆப்பைத் திறப்பதில்லை. இரண்டு, வீட்டுக்கு வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளரிடம் பிரஷர் மாத்திரையும் அளவீடும். அளவு எழுத்தில் இருந்தால் பயத்துக்கு இடம் குறையும். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் திரும்பாவிட்டால் அதை மனக்கவலை என்று தள்ளாமல் மருத்துவரிடமே சொல்ல வேண்டும், இதய நோய்க்குப் பின் இது சாதாரணமாக வருவது. மூன்று, வாரம் இரண்டு காலை ஒரு ரப்பர் வியாபாரியின் கடையில் கணக்கு எழுதும் வேலை, மாதம் 4,000. இந்தப் பணம் வீட்டுச் செலவுக்கு வருவதில்லை, நேரே அவசர இருப்புக்கு. அதைச் செலவோடு கட்டினால் உடம்பு முடியாத நாளிலும் போக வேண்டிவரும். வேலை மறுபடி சுமையாகும். 1.5 லட்சம் 3 லட்சமாகும் வரை இந்த ஏற்பாடு. கணவருக்குப் புதிதாகத் தனிக் காப்பீடு கிடைப்பது கடினம் என்பதாலும், ஆண்டு வருமானம் 1,20,000-க்கு மேல் என்பதால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வழியில்லை என்பதாலும், இ.எஸ்.ஐ.க்கு வெளியே இந்த இருப்புதான் அவருடைய காப்பீடு.

காகிதங்கள்

இ.பி.எஸ். உயிர்வாழ் சான்று கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். தவறினால் அடுத்த மாதம் ஓய்வூதியம் நிற்கும். நவம்பர் நெரிசலில் போக வேண்டிய கட்டாயமில்லை. ரேகை தேய்ந்த விரலுக்குக் கருவி பதில் சொல்லாது. முன்னிரவு எண்ணெய் தடவிக் காலையில் கழுவித் துடைத்து வைத்தால் சிலருக்கு விழும், இல்லையென்றால் போனில் முகம் காட்டிப் பதியலாம். தபால்காரரும் வீட்டுக்கு வந்து செய்வார். சான்றுக்கு என்று சொல்லி லிங்க் அனுப்புபவர் எவரும் அலுவலகத்தார் அல்ல. பணம் போய்விட்டால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும்.

நகராட்சி வீட்டு வரி அரையாண்டின் முதல் மாதத்திலேயே, ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் குறையும்.

நிலத்தைப் பற்றி மட்டும் இன்னும் பேச்சு முடியவில்லை. மகள் வீட்டார் 60 சென்டை இப்போதே எழுதிக் கேட்கிறார்கள். குடும்ப செட்டில்மென்டுக்கு முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 என்பதால் செலவு குறைவுதான். ஆனால் எழுதிய மறுநாளே ரப்பர்ப் பணம் சட்டப்படி அவர்களுடையது. எழுதத்தான் வேண்டுமென்றால், பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்க வேண்டும். எழுதுபவர் 60 வயது நிறைந்தவராக இருந்தால், 2007 பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அந்த வரிதான் பிடிமானம். வருமானம் ஆயுள் வரை தங்களுக்கே என்ற வரியும் வேண்டும். கோட்டாட்சியரிடம் போகும் நிலை வராமல் இருக்க எளிய வழி உயில்: இரண்டு சாட்சி, வேண்டுமானால் பதிவு, மனம் மாறினால் மாற்றலாம். நிலம் மனைவி பெயரில் இருப்பதால் எழுத வேண்டியவர் அவர். அவர் இதுவரை சொன்ன பதில், மழை முடிந்து வெட்டு தொடங்கட்டும், அப்புறம் பேசலாம் என்பது.